முட்டை வருகிறது, குஞ்சு வரவில்லை: ஒரு காக்கட்டூ சிக்லிட் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

குள்ள சிக்லிட் என்ற சிறு தொட்டி மீன்களை வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "ஜோடி சேருது, முட்டையும் போடுது, ரெண்டு மூணு நாள்ல முட்டையைக் காணோம். தாயே தின்னுடுது." அடுத்து வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். முட்டையைப் பிரித்தெடுத்துத் தனியாகப் பொரிக்க வைக்கலாமா?

நண்பர் ஒருவரின் தொட்டியிலும் இதே நிலை. மாதக்கணக்கில் முட்டை வந்துகொண்டே இருந்தது, ஒரு குஞ்சுகூட நீந்தவில்லை. அந்தத் தொட்டியில் என்ன தவறாக இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், சரிசெய்த பிறகு புதிதாக எழுந்த சிக்கல்கள் என்ன என்பதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முட்டையைப் பிரிக்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே அவரிடம் சொன்னேன். இந்த மீன்களில் தாயின் நிறமும் அது நிற்கும் இடமும் நிறையச் சொல்லும். தாயை முட்டையிடமிருந்து பிரித்துவிட்டால் அந்தத் தகவல் முழுக்கப் போய்விடும். இந்தத் தொட்டியில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டைவிட எங்களுக்கு அதிகம் உதவியது தாய் மீனைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகள்தான்.

மீன் எது

தொட்டியில் இருந்தவை காக்கட்டூ சிக்லிட் எனப்படும் அபிஸ்டோகிராமா காக்கட்டுவாய்டஸ், 1951-ல் அறிவியல் பெயர் பெற்ற இனம். அமேசான் படுகையின் மேற்குப் பகுதியில், பெருவிலும் அதை ஒட்டிய கொலம்பியா, பிரேசில் பகுதிகளிலும் ஓடைகளிலும் ஆற்றோரத் தேங்குநீரிலும் வாழ்வது. ஆழமில்லாத கரையோரத்தில் உதிர்ந்த இலைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். இந்த மீனின் வாழ்க்கை அந்த இலைகளுக்கு நடுவில்தான். ஆண் சுமார் 8 செ.மீ. வரை வளரும், முதுகுத் துடுப்பின் முன்பக்க முட்கள் நீண்டு கொண்டையாக நிற்கும். பெண் 5 செ.மீ. இருந்தாலே பெரியது. ஓர் ஆணின் எல்லைக்குள் பல பெண்கள் இருப்பார்கள், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி இடம், தனிப் பொந்து. முட்டையையும் குஞ்சையும் பார்த்துக்கொள்வது பெண்ணின் வேலை. ஆண் வெளிவட்டத்தில் காவல் நிற்கும்.

பெண் தலைகீழாகத் திரும்பிப் பொந்தின் கூரையில் முட்டைகளை ஒட்டும். நல்ல முட்டை சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். 26, 27 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிந்த உடனே குஞ்சு நீந்தாது. மஞ்சள்கருப் பையோடு தரையில் கிடந்து நெளியும். அது தீர இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். அதன் பிறகுதான் குஞ்சுகள் கூட்டமாக எழும்பித் தாயோடு வெளியே வரும். முட்டை போட்டதிலிருந்து குஞ்சு வளரும்வரை பெண்ணின் உடல் பளிச்சென்ற மஞ்சளாகவும் அதன்மேல் கருங்குறிகளோடும் இருக்கும். சாதாரண நாட்களில் அதே பெண் மங்கிய சாம்பல் பழுப்பு. இந்த நிற மாற்றம் பொய் சொல்லாது. காப்பதற்கு ஏதோ இருக்கும்வரை மஞ்சள் இருக்கும், எல்லாம் போய்விட்டது என்று தாய்க்கே தெரிந்த பிறகுதான் வடியும்.

தொட்டி இருந்த நிலை

இரண்டடி நீளத் தொட்டி. ஓர் ஆண், இரண்டு பெண்கள், மேல்மட்டத்தில் சிறு டெட்ரா கூட்டம், அடியில் மேயும் சில கோரிடோராஸ் கெளுத்திகள், கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீன். தரையில் வெள்ளைப் பளிங்குச் சில்லும் பொடித்த பவளமும் கலந்த கல். வாய் அகலமான ஒரு மண்சட்டி, அதைச் சாய்த்து வைத்து அதுவே பொந்து. தொங்கும் வகை ஃபில்டர். ஹீட்டர் 29 டிகிரியில். உணவு காலை மாலை உலர் தீனி.

பார்க்க அழகான தொட்டி, நன்றாகப் பராமரித்தும் வந்தார். மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை, நிறமும் குறையவில்லை. பெரியவர்கள் நலமாக இருக்கும் தொட்டியில் முட்டை மட்டும் பிழைக்காமல் போகலாம் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. இது பலருக்கும் நடப்பது. வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும் தண்ணீர் வேறு, முட்டை கேட்கும் தண்ணீர் வேறு.

அடுத்த முறை முட்டை வந்ததும் எதையும் மாற்றாமல், காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மூன்று விஷயங்களை மட்டும் எழுதிவைக்கச் சொன்னேன். தாயின் நிறம், தாய் நிற்கும் இடம், வெளியிலிருந்தே தெரிந்தால் முட்டையின் நிறம். டார்ச் அடிக்கக் கூடாது, சட்டியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது.

குறிப்புகள் காட்டியது

முதல் நாள் முழுக்கத் தாய் நல்ல மஞ்சள். சட்டிக்குள்ளேயே இருந்து துடுப்பால் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தது, அருகில் வந்த கோரிடோராஸை விரட்டியது. இரண்டாம் நாள் காலையில் முட்டைகளில் பெரும்பகுதி வெளுத்திருந்தது, ஓர் ஓரம் மட்டும் என்றில்லாமல் பரவலாக. தாய் அப்போதும் மஞ்சள்தான். வெளுத்தவற்றை ஒவ்வொன்றாக வாயால் எடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மதியம் சட்டி காலி, மாலைக்குள் நிறம் வடிந்து சாம்பலாகி மற்ற மீன்களோடு தீனிக்கு வந்துவிட்டது.

தாய் முட்டையைத் தின்றது உண்மை. ஆனால் தின்ற முட்டை ஏற்கெனவே செத்துப்போனது. செத்த முட்டையில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும், அதனால் அதை அப்புறப்படுத்துவது தாயின் வேலையில் சேர்ந்தது. முட்டையைப் பிரித்தெடுத்து மெத்திலீன் ப்ளூ என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்து போட்டுத் தனியாக வைத்திருந்தாலும் வெளுத்தவை வெளுத்துத்தான் போயிருக்கும்.

முட்டை எப்படிப் போனது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு ஊகிக்க முடியும். ஒரே நாளில் பரவலாக வெளுத்தால் கருவுறவில்லை, அல்லது தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் இடத்தில் தொடங்கிப் பஞ்சுபோல அக்கம்பக்கம் பரவினால் பூஞ்சை, பெரும்பாலும் அழுக்கு, இல்லையென்றால் நீரோட்டக் குறைவு. மாலையில் சிவப்பாக இருந்த முட்டை விடிவதற்குள் மொத்தமாகக் காணாமல் போய், தாய் மஞ்சள் நிறத்தோடு பொந்தைச் சுற்றி அலைந்தால், இரவில் யாரோ புகுந்திருக்கிறார்கள். இங்கே நடந்தது முதல் வகை. இரண்டாவது பெண்ணின் முட்டைகளும் அதே மாதிரி வெளுத்தன. இரண்டு பெண்களுக்கும் பொது ஆண், பொதுத் தண்ணீர். ஆண் வயதானதோ நோயுற்றதோ இல்லை, முட்டை போடும் நேரத்தில் சட்டிக்குள் போய்வந்ததையும் நண்பர் பார்த்திருந்தார். ஆகவே தண்ணீரை முதலில் பார்த்தோம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொன்னேன். இதைப் பலர் செய்வதில்லை, தொட்டியை மட்டும் பார்ப்பார்கள். குழாயில் பொதுக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) 14 டிகிரி, பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.6. தொட்டியில் 26 டிகிரி, பி.எச். 8.3. கடினத்தன்மையில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆக, தொட்டிக்குள் வந்த பிறகு தண்ணீர் ஏறக்குறைய இரு மடங்கு கடினமாகியிருந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, தரையில் கிடந்த கல். சிலவற்றை வெளியே எடுத்துத் துடைத்து வினிகர் விட்டால் மெல்லக் குமிழி விட்டது. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லின் அடையாளம் அது. மீன் கழிவு நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் கல்லை அரிக்கும், கால்சியம் தண்ணீரில் சேரும். இன்னொன்று, ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தது. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. 29 டிகிரியில் மூடி இல்லாத தொட்டியில் இது வேகமாக நடக்கும்.

காக்கட்டூ இந்தப் பேரினத்திலேயே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் மீன். நடுத்தரக் கடினத்தன்மையிலும் பி.எச். ஏழைக் கொஞ்சம் தாண்டியும் இனப்பெருக்கம் செய்யும். அதனால்தான் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறோம். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. 26 டிகிரிக் கடினத்தன்மை அந்த எல்லையைத் தாண்டியது.

இந்த இடத்தில் பி.எச். குறைக்கும் பொடியை வாங்கிப் போட நண்பர் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன். தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மை (அமிலத்தைச் செயலிழக்கச் செய்யும் உப்புகளின் அளவு) அதிகமாக இருக்கும்போது அமிலம் சேர்த்தால் பி.எச். சில மணிநேரம் இறங்கும், மறுபடி பழைய இடத்துக்கே ஏறும். மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம், நிலையான 8.3-ஐவிட மோசம். தண்ணீரைச் சற்று அமிலமாக்கப் போடும் காய்ந்த பாதாம் (நாட்டு வாதுமை) இலையையும் அதே காரணத்துக்காகத் தள்ளிவைத்தோம். மென்மையான தண்ணீரில் அந்த இலை அருமையாக வேலை செய்யும். கடினநீரில் நிறத்தைத்தான் மாற்றும், பி.எச்.-ஐ அதிகம் அசைக்காது.

செய்ய வேண்டியது கடினத்தன்மையைக் குறைப்பதுதான். முதலில் தரைக்கல் முழுவதையும் சில தவணைகளாக எடுத்தோம். ஒரேயடியாக எடுத்தால் அதில் ஒட்டியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் மொத்தமாகப் போய்விடும். எடுக்கும் நாட்களில் ஃபில்டரைத் தொடாமல் விட்டு, தீனியைக் குறைத்து, அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டே இருந்தோம். கல்லுக்குப் பதிலாக, வினிகரில் நுரைக்காத மெல்லிய மணல். இந்த மீன் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து இரை தேடும் பழக்கமுள்ளது, ஆகவே மணல் அதற்கு இரட்டை நன்மை.

அடுத்து ஆர்.ஓ. தண்ணீர். முழுக்க ஆர்.ஓ. ஊற்றுவது தவறு. அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை, பி.எச்.-ஐத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. இரண்டு பங்கு. 14-ஐ மூன்றால் வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு, அதுவே எங்கள் இலக்கு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றினோம். மீனின் உடலுக்குள் இருக்கும் உப்புக்கும் வெளித் தண்ணீரின் உப்புக்கும் உள்ள வேறுபாடு திடீரென மாறினால் மீன் துவண்டுவிடும். இந்த மாற்றத்துக்கு வாரக்கணக்கில் ஆனது, ஆகத்தான் வேண்டும். ஆவியானதை ஈடுகட்ட மட்டும் சுத்த ஆர்.ஓ. தண்ணீர். கடினத்தன்மை ஆறுக்கு இறங்கி, பி.எச். 6.8-ல் நின்ற பிறகு இலைகளைப் போட்டோம். அப்போது அவை தம் வேலையைச் செய்தன: தண்ணீர் தேநீர் நிறமானது, மீன்கள் முன்பைவிடத் தைரியமாகத் திறந்தவெளிக்கு வந்தன.

பொந்தும் அக்கம்பக்கமும்

தண்ணீர் மாறிக்கொண்டிருந்த வாரங்களில் மற்றவற்றைச் சரிசெய்தோம். வாய் அகலமான சட்டியை எடுத்துவிட்டு, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். பெண் நுழையலாம், ஆண் தலையை மட்டும் நுழைக்கலாம் என்ற அளவு போதும். ஆண் வாசலில் நின்று விந்தை விட்டாலும், பெண் வாலால் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன வாசலைத் தாய் தன் உடலாலேயே அடைத்துக் காக்க முடியும். அகலமான வாசலில் ஒருபக்கம் விரட்டும்போது மறுபக்கம் திறந்து கிடக்கும். நான் பார்த்தவரை, பொந்தின் வாசலைச் சிறிதாக்குவது போல இவ்வளவு எளிதாகப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

ஒரு சிரட்டை இடது மூலையில், இன்னொன்று வலது மூலையில். நடுவில் ஒரு மரக்கட்டையும் அடர்த்தியான செடியும், ஒரு பெண் நிற்கும் இடத்திலிருந்து மற்றது தெரியாதபடி. இரண்டடித் தொட்டி இரண்டு பெண்களுக்கு நெருக்கம்தான். கண்ணில் படாமல் இருந்தால் ஓரளவு சமாளிக்கும்.

கோரிடோராஸும் சக்கரும் வேறு தொட்டிக்குப் போயின. முட்டை வெளுத்ததற்கு அவை காரணம் இல்லை. ஆனால் இருட்டில் மோப்பம் பிடித்து இரை தேடும் அடித்தள மீன்களை, இருட்டில் கண் தெரியாத தாய் எத்தனை இரவு தடுக்க முடியும்? டெட்ராக்களை விட்டுவைத்தோம். விரட்டுவதற்கு யாருமே இல்லாவிட்டால் தாயின் கோபம் ஆண் மீதே திரும்பும். சிறு தொட்டியில் ஆண் செத்தே போவதுண்டு. மேல்மட்டத்தில் சுற்றும் அமைதியான சிறு மீன் கூட்டம் ஒன்று இருப்பது ஆணுக்குப் பாதுகாப்பு. அவை சில குஞ்சுகளைத் தின்னும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தொங்கும் ஃபில்டரின் உறிஞ்சு குழாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போட்டோம், கூடவே காற்றில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. உலர் தீனியோடு கொசுப்புழு, டாப்னியா, உறைந்த ஆர்ட்டீமியா (கடைசி இரண்டும் இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உயிர்கள்) என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் பெண்களின் வயிறு கண்ணுக்குத் தெரிந்து உருண்டது.

காலிச் சிரட்டை

இடது மூலைப் பெண் முதலில் முட்டை போட்டது. குறிப்பு எழுதும் வேலை தொடர்ந்தது. இரண்டாம் நாள் வாசல் வழியே தெரிந்த முட்டைகள் சிவப்பாகவே இருந்தன, அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் வெள்ளை. மூன்றாம் நாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நண்பர் பதறிப்போய் அழைத்தார். கூரையில் ஒரு முட்டைகூட இல்லை, மறுபடியும் தின்றுவிட்டது என்றார்.

தாய் என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்றார். எங்கே நிற்கிறது? சிரட்டைக்குப் பின்னால், இலைகளுக்கு அடியில் வாயை விட்டு விட்டு எடுக்கிறது. அப்படியானால் எதையும் தொடாதீர்கள் என்றேன்.

பொரிந்த குஞ்சுகளைத் தாய் கூரையிலேயே விட்டுவைப்பதில்லை. வாயில் அள்ளிப் பொந்தின் தரையிலோ மணலில் தோண்டிய குழியிலோ இலைக்கு அடியிலோ வைக்கும், அங்கிருந்தும் அவ்வப்போது இடம் மாற்றும். வாயில் அள்ளுவதைப் பார்ப்பவர்களுக்கு அது தின்பதாகவே தோன்றும். பலர் இந்தக் கட்டத்தில்தான் சிரட்டையைத் தூக்கிப் பார்த்து, தாயை மிரளவைத்து, அப்போதுதான் அது உண்மையிலேயே தின்றுவிடும் நிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நண்பர் பொறுத்தார். சில நாள் கழித்து இலைகளுக்கு நடுவிலிருந்து குஞ்சுக் கூட்டம் மணல்மீது ஒரு நிழலாக நகர்ந்து வந்தது.

தாய் குஞ்சுகளோடு பேசும் விதத்தை இந்தக் கட்டத்தில் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். ஆபத்து என்றால் உடலை ஒரு வெட்டு வெட்டும். குஞ்சுகள் அத்தனையும் அந்த நொடியே தரையில் படிந்து அசையாமல் கிடக்கும், மணலுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. மறுபடி மெல்ல நகர்ந்து துடுப்பை அசைத்தால் எழுந்து பின்னால் வரும். மாலையில் அவற்றை வாயில் அள்ளிப் பொந்துக்குள் துப்பும். அதனால் தொட்டி விளக்கைச் சட்டென்று அணைக்கக் கூடாது. அறை விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் தாய்க்கு எல்லோரையும் சேர்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

மஞ்சள் குறையவில்லை, குஞ்சு குறைந்தது

முதல் வாரத்தில் கூட்டம் பாதியாகச் சுருங்கியது. தாய் அதே மஞ்சளோடு, குஞ்சுகளை விட்டு விலகாமல் நின்றது. டெட்ராக்கள் அருகே வரவே அஞ்சின. காவல் சரியாக இருக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் பசியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உருப்பெருக்கியால் கண்ணாடி வழியே குஞ்சுகளின் வயிற்றைப் பார்க்கச் சொன்னேன். ஆர்ட்டீமியா தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். பாதிக்கு மேல் தட்டையாக, நிறமில்லாமல் இருந்தன. ஆர்ட்டீமியா கொடுக்கத்தான் கொடுத்தார். ஆனால் ஒரு முறை பொரித்ததையே இரண்டு நாள் வைத்து, நாளுக்கு ஒரு வேளை. ஆர்ட்டீமியாக் குஞ்சு பொரிந்த சில மணிநேரத்தில்தான் சத்தோடு இருக்கும். பிறகு தன் மஞ்சள்கருவைத் தானே செலவழித்து வெறும் ஓடாகிவிடும், அளவிலும் பெரிதாகும். தினமும் புதிதாகப் பொரிக்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 27, 28 டிகிரி வெப்பம், வெளிச்சம், நிற்காத காற்று, இவை இருந்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். இரண்டு பாட்டில்களை 12 மணிநேர இடைவெளியில் தொடங்கினால் காலைக்கும் மாலைக்கும் புதிது கிடைக்கும். உப்புநீரை வடிகட்டி அலசிவிட்டு, சிறு குழாயால் குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டும். நடுவேளைக்கு மைக்ரோவார்ம் என்ற நுண்புழு. அது அடியில் படிவதால் அடியில் மேயும் இந்தக் குஞ்சுகளுக்குப் பொருத்தம். மக்கும் இலைகளின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தையும் நாள் முழுக்கக் கொறிக்கும்.

மிச்சமாகும் உணவு அம்மோனியாவாக மாறும் என்பதால், தினமும் காற்றுக் குழாயால் அடியை உறிஞ்சி, அதே வெப்பத்தில் வைத்த கலவைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இறப்பு நின்றது. முப்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் நிலைத்தன.

நான்காவது வாரத்தை ஒட்டித் தாயின் மஞ்சள் மங்கத் தொடங்கியது, சிரட்டையை மறுபடி சுத்தம் செய்தது, அருகில் வந்த குஞ்சுகளைத் தள்ளிவிட்டது. அடுத்த முட்டைக்குத் தயாராகிறது என்று பொருள். அன்றே குஞ்சுகளை வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றினோம்.

தாய் சொல்லாத ஒன்று

மூன்றாவது மாதம் தாண்டிக் குஞ்சுகளின் பால் தெரிய ஆரம்பித்தபோது, ஏறக்குறைய எல்லாமே ஆண். விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான்.

ஹீட்டர் அப்போதும் 29 டிகிரியில்தான் இருந்தது. தாய் நலமாக இருந்ததால் அதை யாரும் மாற்றவில்லை. அபிஸ்டோகிராமாவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பநிலை பெரிதும் தீர்மானிக்கிறது. ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1996-ல் ஜர்னல் ஆஃப் ஃபிஷ் பயாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. 23, 26, 29 டிகிரி என வெவ்வேறு வெப்பநிலைகளில் இந்தப் பேரினத்தின் பல இனங்களை வளர்த்துப் பார்த்தார்கள். வெப்பம் கூடக்கூட ஆண்களின் பங்கு கூடியது. பி.எச்.-க்கும் சில இனங்களில் பங்கு உண்டு. பால் முடிவாவது வாழ்க்கையின் முதல் சில வாரங்களில். அதன் பிறகு வெப்பத்தைக் குறைத்தும் பயனில்லை.

அடுத்த முட்டைக்கு முன்பே ஹீட்டரை 26-க்குக் கொண்டுவந்தோம். பொரிய ஒரு நாள் கூடுதலாக ஆனது, குஞ்சுகள் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தன. அந்தத் தொகுதியில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாக வந்தன.

இதை மட்டும் வைத்து வெப்பநிலையே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஒரே பெண்ணின் இரண்டு தொகுதிகள் எதையும் நிரூபிக்காது. முதல் தொகுதியில் பாதிக் குஞ்சுகள் பசியில் செத்தன. செத்தவற்றில் பெண்கள் அதிகமா என்று தெரிய வழியில்லை. இந்த இனத்தில் பெண் போலவே நிறம் காட்டிக்கொண்டு சிறிதாகவே இருக்கும் ஆண்களும் உண்டு. பெரிய ஆணின் எல்லையில் அடி வாங்காமல் வாழ அவற்றுக்கு அது வழி. ஆகவே மூன்று மாதத்தில் எண்ணும் எண்ணிக்கை இறுதியானதும் அல்ல. ஆனால் வெளிவந்த ஆய்வோடு பொருந்திவருவதால், இனப்பெருக்கத் தொட்டியை 25, 26 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். குறைந்த வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜனும் கொஞ்சம் அதிகமாகக் கரையும்.

இரண்டாவது பெண்

வலது மூலைப் பெண்ணின் கதை இன்னும் முடியவில்லை. தண்ணீர் மாறிய பிறகு அதன் முட்டைகளும் வெளுப்பதில்லை. ஆனால் மாலையில் சிவப்பாக இருப்பவை காலையில் காணாமல் போகின்றன. தாய் அன்று முழுக்க மஞ்சளாகவே சிரட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, மறுநாள்தான் வடிகிறது. தானே தின்ற தாய் அப்படி அலையாது என்பது என் எண்ணம்.

கோரிடோராஸ் இப்போது தொட்டியில் இல்லை. டெட்ராக்கள் இருட்டில் பொந்துக்குள் போகும் மீன்கள் இல்லை. மீதி இருப்பது ஆணும் இடது மூலைப் பெண்ணும். அந்த வாசலுக்குள் ஆணின் உடல் நுழையாது. இடது மூலைப் பெண் தாராளமாக நுழையும், அதுதான் இருவரில் பெரியது. விடியற்காலை முதல் வெளிச்சத்தில் மரக்கட்டையைத் தாண்டி அது வலதுபக்கம் போவதை நண்பர் பார்த்திருக்கிறார். முட்டை காணாமல் போவது இரவிலா விடியலிலா என்பதை அடுத்த முறை கவனித்தாக வேண்டும்.

தொட்டியின் நடுவில் ஸ்பாஞ்ச் தடுப்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். ஆணை வலதுபக்கம் விட்டிருக்கிறோம், இடது மூலைப் பெண் மறுபக்கம். தண்ணீர், உணவு, வெப்பம் எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். தடுப்பு இருக்கும்போது முட்டை தங்கினால் காரணம் அந்தப் பெண்தான் என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் நிரந்தரமாகப் பிரிப்போம். தங்காவிட்டால் அடுத்து ஆணை எடுத்துப் பார்ப்போம். வலதுபக்கச் சிரட்டையை அந்தப் பெண் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறது, ஓரங்களில் மஞ்சள் ஏறுகிறது என்று குறிப்பில் இருக்கிறது.